உளவியல் பயிற்சி மாணவர் உங்களைச் சந்திக்கும்போது: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்கு நீங்கள் சென்றிருக்கலாம். அல்லது உங்கள் தாயையோ மகனையோ அழைத்துச் சென்றிருக்கலாம். சீட்டுப் பதிந்து காத்திருக்கும்போது, மருத்துவரைக் காண்பதற்கு முன்போ கண்ட பின்போ, இளம் வயதினர் ஒருவர் உங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்து அமர வைக்கிறார். தூக்கம், பசி, வேலை, குடும்பம் என ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அரை மணி நேரம், சில வேளைகளில் ஒரு மணி நேரம்கூட ஆகிறது. அவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். உளவியல் மேற்படிப்பின் ஒரு பகுதியாக மருத்துவமனையில் பயிற்சி பெறும் மாணவர்.

“படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் என் கதையை ஏன் சொல்ல வேண்டும்? பெரிய டாக்டரையே பார்த்துவிட முடியாதா?” என்று பலரும் கேட்பதுண்டு. இக்கேள்வி நியாயமானது. பயிற்சி மருத்துவர் காயத்திற்குத் தையல் போடும்போது எழாத தயக்கம் இங்கு எழுவதற்குக் காரணம் உண்டு. தையல் கண்ணுக்குத் தெரியும். இங்கு நீங்கள் ஒப்படைப்பதோ வீட்டுக்குள்ளேயே பேசப்படாத செய்திகளை.

மாணவர் என்று அறிந்ததும் சிலர் வாயை மூடிக்கொள்கின்றனர். கேட்ட கேள்விக்கெல்லாம் “ஒன்றுமில்லை” என்று கூறிவிட்டு எழுந்துவிடுகின்றனர். வேறு சிலர் அவர் சொல்வதையே இறுதி முடிவாகக் கொண்டு, மருத்துவர் எழுதிய மாத்திரையைக்கூட நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் தீங்கானவை. உங்களைப் பாதுகாப்பது அந்த மாணவரின் வயதோ அனுபவமோ அன்று. அவருக்குப் பின்னால் நின்று அவருடைய பணிக்குப் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளரே. எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “உங்கள் மேற்பார்வையாளர் யார்?” என்பதே.

இவர்கள் யார்?

மருத்துவமனைக்கு வரும் உளவியல் மாணவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. பயில்வோர் முதல் வகை. இவர்கள் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வந்து, பெரும்பாலும் உடனிருந்து பார்த்தும், நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதியும் கற்கின்றனர். இவர்கள் தனித்துச் சிகிச்சை அளிக்கும் நிலையில் உள்ளவர்கள் அல்லர். முதுகலைப் பட்டத்திற்குப் பின் மருத்துவ உளவியலில் ஈராண்டு முழுநேர எம்.பில். பயிற்சி பெறுவோர் இரண்டாம் வகை. இவர்கள் உளவியல் சோதனைகளையும் உளச்சிகிச்சை அமர்வுகளையும் மேற்பார்வையின் கீழ்த் தாமே நடத்துவர்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. இன்று நிம்ஹான்ஸ் என அறியப்படும் பெங்களூரு நிறுவனத்தின் முன்னோடியில் 1955ஆம் ஆண்டிலேயே மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பு தொடங்கப்பட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுக்கும்போது, பல்கலைக்கழகப் பட்டத்தின் வழியாக வருவோருக்கு மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி இருந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அதாவது, நோயாளிகளுடன் அமராமல் நூலை மட்டும் படித்து ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. இன்று உங்களுக்கு உதவும் மூத்த உளவியலாளரும் ஒரு காலத்தில் இதே நாற்காலியில் பயிற்சியாளராக அமர்ந்தவரே.

பயிற்சி முடித்தவர் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992-இன்படி அக்கவுன்சிலின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளருக்குப் பதிவெண் உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கவும் இயலும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருந்து எழுதுவது, அளவை மாற்றுவது, நிறுத்துவது ஆகியவை மருத்துவரின் பணி. பயிற்சி மாணவரோ அவருடைய மேற்பார்வை உளவியலாளரோ அதைச் செய்வதில்லை. “இந்த மாத்திரை தேவையில்லை” என்று மாணவர் ஒருவர் கூறினால், அதை மருத்துவரிடம் கேட்ட பின்னரே முடிவு செய்யுங்கள்.

மேற்பார்வை எப்படி நடைபெறுகிறது?

தொடக்கத்தில் மாணவர், மூத்தவர் நடத்தும் அமர்வில் ஓரமாக அமர்ந்து கவனிக்கிறார். அடுத்து, மூத்தவர் கவனித்திருக்கத் தாம் நடத்துகிறார். அதன் பின்னரே தனி அறையில் உங்களைச் சந்திக்கிறார். அப்போதும் அமர்வு முடிந்ததும் குறிப்பு எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டுகிறார். அவர் அதை வரி வரியாகக் கேள்வி கேட்கிறார்: இதை ஏன் கேட்கவில்லை, அந்த அம்மா அழுதபோது என்ன செய்தீர்கள், அடுத்த முறைக்கு என்ன திட்டம். கடினமான நிலைமைகள் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோருடன் கூட்டாக விவாதிக்கப்படுகின்றன. இதனால்தான் சில நேரங்களில் மாணவர், “இதை என் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்” என்கிறார். அதைத் திறமைக் குறைவாகக் கருத வேண்டாம். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பயிற்சியாளரை நான் கூடுதலாகவே நம்புவேன்.

மேற்பார்வை அல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் வேறோர் ஊரில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசுவது, மாணவர் எழுதிய தாள்களில் மாத இறுதியில் மொத்தமாகக் கையொப்பமிடுவது, அவசரத்தின்போது அழைத்தால் எவரும் வராத நிலை ஆகியவற்றுக்கு மேற்பார்வை என்று பெயரிட முடியாது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் ஆலோசனை மையமாயினும் அத்தகைய இடத்தில் மாணவரிடம் சிகிச்சை பெறுவது பாதுகாப்பானதன்று.

மேற்பார்வை சரியாக இருக்கும் இடத்தில் நோயாளிக்குக் கிடைக்கும் பயனும் பெரிது. கூட்டம் மிகுந்த நாளில் மருத்துவர் ஒருவரால் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே ஒதுக்க இயலும் என்பதை மறைப்பதற்கில்லை. மாணவருக்கு நேரம் இருக்கிறது. சோர்வும் அழுகையும் என்று மனச்சோர்வுக்கான ஆலோசனைக்கு அனுப்பப்பட்ட பெண் ஒருவரிடம் பயிற்சி மாணவி ஒரு மணி நேரம் பேசினார். குரல் கரகரப்பாக மாறியது, மே மாதத்திலும் குளிர்வது, முடி கொட்டுவது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் கூறினார். அவர் மருத்துவரிடம் கூற, இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவு தெரியவந்தது. அந்த மாணவிக்குத் தைராய்டு பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. பொறுமையாகக் கேட்டார், கேட்டதை உரியவரிடம் சேர்த்தார்.

இன்னொன்று: உளவியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. எனவே மாணவர் சில வேளைகளில் உங்களுக்குப் புரியாத சொற்களைப் பயன்படுத்தக்கூடும். “தமிழில் சொல்லுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களும் நோயின் பெயரைத் தேட வேண்டியதில்லை. “நெஞ்சு படபடக்கிறது”, “மனம் கனமாக இருக்கிறது”, “விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது” என உணர்வதை உணர்ந்தபடியே கூறுங்கள். அதுவே அவர்களுக்கு மிகுதியும் பயன்படும்.

உங்கள் ஒப்புதல்

அமர்வின் தொடக்கத்திலேயே மாணவர் தம் பெயரையும், தாம் பயிற்சியில் உள்ளவர் என்பதையும், மேற்பார்வையாளரின் பெயரையும், தம் பயிற்சி எப்போது முடியும் என்பதையும் கூற வேண்டும். அவர் கூறாவிட்டால் நீங்கள் கேட்கலாம். பயிற்சி மாணவர் வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. மறுத்ததற்காக உங்கள் சிகிச்சை நிறுத்தப்படவோ தரம் குறைக்கப்படவோ கூடாது. பெண் நோயாளி பெண் பயிற்சியாளரை வேண்டுவதும், மாணவர் உங்கள் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருந்தால் வேறொருவரைக் கேட்பதும் ஏற்கத்தக்கவையே. முதல் அமர்வில் ஒப்புக்கொண்டு மூன்றாம் அமர்வில் மறுத்தாலும் அது உங்கள் உரிமைக்குள் அடங்கியதுதான்.

கற்பித்தலுக்காக அமர்வை ஒலியாகவோ ஒளிக்காட்சியாகவோ பதிவு செய்வதற்குத் தனியாக எழுத்து மூலமான ஒப்புதல் பெற வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் அளிப்பர். எனினும் பிள்ளையிடமும் கேட்பதே நல்ல பழக்கம். மாணவர் தம் சொந்தக் கைப்பேசியில் உங்களைப் படமெடுப்பதையோ, உங்கள் குறிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதையோ ஏற்க வேண்டாம்.

நீங்கள் சொல்வது எவரிடம் செல்லும்?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் மனநலம் பற்றிய தகவல்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்கு அளிக்கிறது. இது மாணவரையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஒரு பயிற்சி மாணவர் உறுதியளிக்க முடியாது. அளித்தால் அது தவறு. நீங்கள் கூறுவதை அவர் மேற்பார்வையாளரிடமும் சிகிச்சைக் குழுவிடமும் பகிர்ந்தாக வேண்டும். வகுப்பில் விவாதிக்கும்போது பெயர், ஊர் முதலான அடையாளங்கள் நீக்கப்பட வேண்டும்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், போக்சோ சட்டம், 2012-இன்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பிறருக்கு ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையிலும், உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள நிலையிலும் தேவையான அளவுக்குத் தகவல் வெளியிடச் சட்டம் இடமளிக்கிறது.

தற்கொலை எண்ணம் பற்றிப் பலரும் முதன்முதலாக வாய் திறப்பது மாணவரிடமே. வயதில் இளையவர், அவசரப்படாதவர், தீர்ப்புச் சொல்லாதவர் என்பதால் அது எளிதாகிறது. அவ்வாறு கூறினால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். மாணவர் அதைத் தமக்குள் வைத்துக்கொள்ளமாட்டார். மேற்பார்வையாளரை உடனே அழைப்பார். அன்றே மனநல மருத்துவர் உங்களைக் காண்பார். வீட்டில் பூச்சிக்கொல்லியோ அதிக அளவில் மாத்திரைகளோ இருக்கின்றனவா என்று கேட்டு, அவற்றை அப்புறப்படுத்தும்படி உடன் வந்தவரிடம் கூறுவர். போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற அச்சத்தால் பலர் முன்னர் நடந்த முயற்சியை மறைக்கின்றனர். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவர் மீது விசாரணையோ தண்டனையோ கூடாது என்று இதே சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. எனவே அச்சமின்றிக் கூறுங்கள்.

சோதனைகளும் அறிக்கைகளும்

அறிவுத்திறன் சோதனை, சமூக முதிர்ச்சி மதிப்பீடு, ஆளுமைச் சோதனை ஆகியவற்றை எம்.பில். பயிற்சியாளர்கள் நடத்துவது வழக்கம். பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கோருவோருக்கு இம்மதிப்பீடுகள் மிக முக்கியமானவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லைக்கோடு. அதற்குச் சற்று மேலும் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு, சோதனை எவ்வாறு நடத்தப்பட்டது என்பதே வாழ்க்கையை மாற்றக்கூடும்.

ஒரே சோதனையைக் குறுகிய கால இடைவெளியில் மீண்டும் செய்தால், பிள்ளைக்குக் கேள்விகள் பழகிப்போய் மதிப்பெண் உயர்ந்துவிடும். பள்ளியின் அறிவுரைப்படி ஓரிடத்திலும், சான்றிதழுக்காக வேறோரிடத்திலும் ஒரே மாதத்தில் ஒரே சோதனை செய்யப்பட்ட சிறுவன் ஒருவனைக் கண்டிருக்கிறேன். இரு மதிப்பெண்களும் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று எவராலும் சொல்ல இயலாமல், மறுசோதனைக்காகக் காத்திருக்கச் செய்தனர், சான்றிதழ் தள்ளிப்போனது. முந்தைய சோதனையைப் பற்றி அந்தத் தாயிடம் எவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை. ஆகவே, பழைய அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை காய்ச்சலிலோ தூக்கக் கலக்கத்திலோ இருந்தால் அதையும் தொடக்கத்திலேயே கூறுங்கள். சமூக முதிர்ச்சி பற்றிய கேள்விகளுக்குப் பிள்ளை தானே செய்வதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் ஊட்டிவிடுவதைத் தானே உண்பதாகக் கூறினால் மதிப்பீடு பிழையாகும்.

அறிக்கையைப் பெற்றதும் கையொப்பங்களைப் பாருங்கள். பயிற்சியாளரின் கையொப்பம் மட்டும் இருந்தால் அது முழுமையான அறிக்கை ஆகாது. பதிவு பெற்ற மேற்பார்வையாளரின் மேலொப்பமும் பதிவெண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; மாணவர் பயிற்சி முடிந்து சென்ற பின் அதைப் பெறுவது கடினம்.

பயிற்சிக் காலம் முடியும்போது

மேற்பார்வை நன்றாக இருக்கும் இடங்களிலும் கவனத்திலிருந்து நழுவிவிடுவது இக்கட்டமே என்பது என் கருத்து. மாணவருக்கு அது பயிற்சியின் கடைசி நாள். உங்களுக்கோ, பல வாரங்கள் நம்பி மனம் திறந்த ஒருவர் திடீரென இல்லாமற்போகும் நாள்.

நடுத்தர வயதுடைய ஒருவர் மனைவியை இழந்த பின் மனச்சோர்வுடன் வந்தார். பத்து வாரங்கள் பயிற்சி மாணவர் ஒருவரிடம் ஒழுங்காக வந்து, மாத்திரையும் உட்கொண்டு, மீண்டும் கடையைத் திறக்கும் அளவுக்குத் தேறினார். பதினோராம் வாரம் வந்தபோது அறையில் வேறு முகம். “அவர் பயிற்சி முடிந்து போய்விட்டார்” என்றனர். அவர் எதுவும் கேட்காமல் வீடு திரும்பினார். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஏழு மாதங்களுக்குப் பின் அவருடைய மகள் அழைத்து வந்தபோது, முதல் நாளினும் மோசமான நிலையில் இருந்தார். “நம்மிடம் சொல்லிவிட்டுப் போகும் அளவுக்குக்கூட நாம் முக்கியமில்லை போலும்” என்றார். மனைவியின் இழப்பே நோய்க்குக் காரணமான ஒருவருக்கு, சொல்லாமல் நிகழ்ந்த இப்பிரிவு அதே காயத்தின் மீது பட்ட அடி.

இதைத் தவிர்ப்பது மாணவரின் கடமை, மேற்பார்வையாளரின் கடமை. முடிவுத் தேதி முதல் அமர்விலேயே கூறப்பட வேண்டும். கடைசிச் சில அமர்வுகளில் அதைப் பற்றிப் பேசப்பட வேண்டும். கோப்பில் மாற்றக் குறிப்பு எழுதப்பட வேண்டும். இயன்றால் அடுத்து வருபவரை நேரில் அறிமுகப்படுத்த வேண்டும். உங்கள் பங்கிலும் செய்யக்கூடியவை உண்டு. “நீங்கள் எதுவரை இங்கே இருப்பீர்கள்? உங்களுக்குப் பின் நான் யாரைப் பார்க்க வேண்டும்?” என்று முன்பே கேட்டு, விடையைப் புறநோயாளி சீட்டின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வுப் பயிற்சி, அன்றாட அட்டவணை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாணவர் சென்றுவிட்டாலும் உங்கள் சிகிச்சை முடிந்துவிடவில்லை. கோப்பு மருத்துவமனையில் இருக்கிறது, மேற்பார்வையாளரும் இருக்கிறார். புதியவரிடம் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. “கோப்பைப் படித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்” என்று கூறலாம். வருத்தமோ கோபமோ இருந்தால் அதையும் கூறுங்கள். அது சிகிச்சைக்கு உரிய பேச்சுத்தான்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்பின் மிகுதியால் மாணவரின் கைப்பேசி எண்ணைக் கேட்பதும், பண்டிகைக்குத் துணிமணி வாங்கித் தருவதும், “தம்பி, வீட்டுக்கு வந்து பாருங்கள்” என்று அழைப்பதும் நம்மிடையே இயல்பு. மாணவர் மறுத்தால் மனம் நோக வேண்டாம். மறுக்கும்படியே அவருக்குக் கற்பிக்கப்படுகிறது. நள்ளிரவில் அவருடைய தனிப்பட்ட எண்ணை நம்பி நீங்கள் காத்திருந்து, அவர் எடுக்காமற்போனால் இழப்பு உங்களுக்கே. அவசர வேளையில் அழைக்க வேண்டிய எண்ணை மருத்துவமனையிலிருந்து பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இருந்தால்

மாணவர் உங்களை இழிவாகப் பேசினாலோ, தகவலை வெளியிட்டாலோ, மேற்பார்வையாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டும் மறுக்கப்பட்டாலோ, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி முதலில் அந்நிலையத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் அல்லது பொறுப்பிலுள்ள மனநல வல்லுநரிடம் புகார் அளிக்கலாம். அவருடைய பதில் நிறைவளிக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன் பின் மாநில மனநல ஆணையத்திடமும் செல்லலாம். எழுத்து மூலம் அளித்து, தேதியிட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 25ஆம் பிரிவு அளிக்கிறது.

அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் மன உளைச்சல் மிகுந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் டெலி மானஸ் மனநலச் சேவையை எந்நேரமும் தமிழில் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 108 அவசர ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.